டிக்குக்குப் பிறகு ஓர் இழுப்பு

கை செய்த தப்பு கைக்குத் தெரியுமா?

சித்தி இதை என்னிடம் கேட்டபோது நான் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, அடுத்தது என்ன என்று தெரியாமல், மின்விசிறிக்கு நேர் கீழே படுத்திருந்தேன். அவள் வேலையிலிருந்து வந்து, சமையலறைத் தொட்டியில் சர்க்கரையும் சோப்புமாகக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நகக்கண்ணில் ஏறிய கிரீஸ் வெறும் சோப்புக்குப் போகாது. "கைக்கு மூளையா இருக்கு, தெரியறதுக்கு?" என்று கிண்டலாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று எனக்குப் பதில் தெரியாது. அவள் அப்போது எதில் மாட்டிக்கொண்டிருந்தாள் என்பதும் தெரியாது. பிறகு அவளிடமும் என் அம்மாவிடமும், அவள் பட்டறைக்குக் கடைசல் வேலை செய்து கொடுக்கும் லேத்துக்காரரிடமும் கேட்டுக் கேட்டுச் சேர்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இது சித்தியின் கதை. இதில் எனக்கு வேலை இல்லை. கடைசியில் ஒரு வேண்டுகோள் இருக்கிறது, அதற்கு மட்டும் வருகிறேன்.

சித்தி என் அம்மாவுக்குத் தங்கை. இருவருக்கும் பிறகு ஒரு தம்பி. எனக்கு அவர் மாமா, ஆனால் கதை சித்தியுடையது என்பதால் தம்பி என்றே சொல்கிறேன். பெற்றவர்கள் போன பிறகும் மூவரும் பிரியவில்லை. கீழே அம்மாவின் குடித்தனம், மேலே ஓர் அறையில் சித்தி, இன்னோர் அறையில் தம்பி. சாப்பாடு எல்லாருக்கும் கீழேதான். சித்திக்குக் கல்யாணம் ஆகவில்லை. அக்கறையாக விசாரிப்பவர்களிடம், "எனக்குப் பொருந்தற சைஸ் இன்னும் ஸ்டாக் வரல" என்பாள். கேட்டவர் மறுபடி கேட்க மாட்டார்.

வீட்டில் அவள் மேல் ஒரே ஒரு புகார் உண்டு. அவள் மூடிய பாட்டிலை அவளேதான் வந்து திறக்க வேண்டும். ஜாம் பாட்டிலோ, எண்ணெய் டப்பாவோ, தண்ணீர்க் குழாயோ, எதுவாக இருந்தாலும் அப்படித்தான். "இவளை வெச்சுக்கிட்டு வீட்டுக்குப் பூட்டு எதுக்கு?" என்பாள் அம்மா. "கதவை இவ சாத்தினா திருடன் கும்பிடு போட்டுட்டுப் போயிடுவான்."

சித்தி அந்தப் பட்டறையில் சேர்ந்தது உதிரிபாகம் எடுத்துக் கொடுக்கும் வேலைக்கு. பந்தயக் கார்களுக்கு என்ஜின் கட்டும் பட்டறை அது. வாசலில் இரும்பு ஷட்டர், உள்ளே காருக்கு அடியில் நின்று வேலை செய்ய ஒரு குழி, சுவரெல்லாம் ஸ்பானர், கண்ணாடி அறைக்குள் என்ஜின் கோக்கும் மேசை. அலமாரி நிறைய சின்னத் தட்டுகள், தட்டு நிறைய போல்ட், நட், வாஷர். மற்றவர்களுக்கு அது இரும்புக் குவியல். சித்திக்கு அதில் பேசுவதற்கு ஆள் இருந்தது. போல்ட்டின் தலையில் பொறித்த எண் என்ன சொல்கிறது, அலுமினியத்தில் இறங்கும் மரை ஏன் நீளமாக இருக்க வேண்டும், அடிக்கடி கழற்றும் இடத்தில் ஏன் போல்ட்டை விட்டுவிட்டு இரண்டு முனையிலும் மரை வெட்டிய ஸ்டட் போடுகிறார்கள், வாஷரின் எந்த முகம் மேலே பார்க்க வேண்டும் என்றெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தாள். ரொம்பக் கெட்டியான போல்ட் சில இடத்தில் சட்டென்று முறியும், கொஞ்சம் இளகிக் கொடுப்பதுதான் அங்கே நிலைக்கும் என்று தெரிந்துகொண்டபோது, அதை வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சொன்னாள். "நம்ம பெரியக்காவும் மச்சானும் மாதிரி" என்றான் தம்பி. அம்மா கரண்டியால் அடிக்கப் போனாள்.

தப்பான போல்ட்டை எடுத்துக் கொடுக்க மறுத்து மறுத்தே அவள் கண்ணாடி அறைக்குள் போய்ச் சேர்ந்தாள். முதலாளிக்கு அவள் வாய் பிடிக்கவில்லை, கை பிடித்தது. முதலாளிக்குப் பட்டறையில் சைலன்சர் என்று பட்டப்பெயர். அவர் மெதுவாகப் பேசினாலே அடுத்த தெருவில் நாய் எழுந்து நிற்கும். அதனால்தான் அந்தப் பெயர்.

இனி அந்தப் பட்டறையின் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எல்லாம் அதில்தான் இருக்கிறது.

டார்க் ரெஞ்ச் என்பது நீளமான பிடி வைத்த ஸ்பானர். அதில் ஓர் எண்ணைத் திருகி வைத்துக்கொள்ளலாம். போல்ட்டை இறுக்கும்போது கையின் பலம் அந்த எண்ணைத் தொட்டதும் உள்ளே டிக் என்று சத்தம் வரும். அதோடு நிறுத்த வேண்டும். நிறுத்தச் சொல்வதற்காகத்தான் அந்தச் சத்தமே. ஆனால் அந்தப் பட்டறையில் யாரும் டிக்கோடு நிறுத்துவதில்லை. டிக் கேட்ட பிறகு இன்னும் ஒரு சின்ன இழுப்பு இழுப்பார்கள். அதற்கு ஆசீர்வாதம் என்று பெயர் வைத்திருந்தார்கள். "மெஷின் டிக்குன்னு சொல்லிடுச்சு, மனுஷன் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?" என்பார் முதலாளி. என்ஜினை மூடும் முன் எல்லாரும் கேட்கும் கேள்வி, "ஆசீர்வாதம் ஆச்சா?" என்பதுதான். சித்தியின் ஆசீர்வாதம் மற்றவர்களுடையதைவிடக் கனமானது. அதில் அவளுக்குப் பெருமையும் இருந்தது. அவள் கட்டிய என்ஜினில் எதுவும் தளர்ந்து வந்ததே இல்லை.

தம்பி கார் ஓட்டுவான். சும்மா ஓட்டுவதில்லை. வளைவுக்குள் போகும்போது மற்றவன் பிரேக்கைத் தேடும் இடத்தில் இவன் காரோடு பேசிக்கொண்டிருப்பான். கிடங்கு ஒன்றில் மேற்பார்வை வேலை பார்த்தபடி, விடுமுறை நாள்களில் முதலாளியின் காரைச் சின்னப் பந்தயங்களில் ஓட்டிவந்தான். அந்த வருடம் முதலாளி அவனைக் கூப்பிட்டு, பெரிய பந்தயத் தொடர் முழுவதற்கும் அவன்தான் என்றார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். "முதல் ரேஸ்ல நம்ம கார் ஸ்டார்ட் கோட்டுல நிக்கணும். நிக்கலேன்னா சீட் உனக்கில்ல. இன்னொரு பையன் சீட் கேட்டு வீட்டோட வந்து வாசல்ல உக்காந்திருக்கான், தெரியுமில்ல?" பயிற்சிக்கு நேரம் வேண்டும் என்று தம்பி கிடங்கு வேலையை விட்டான். அம்மா இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவனுடைய பந்தய உடையைத் துவைத்துப் போட்டாள்.

அந்த என்ஜினைக் கட்டும் பொறுப்பு சித்திக்கு வந்தது. பழைய என்ஜினைவிட இது இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். என்ஜினுக்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது, கிராங்க் என்ற தண்டு சுழல்கிறது. இரண்டையும் சேர்ப்பது கனெக்டிங் ராடு. ராடின் அடிப்பக்கம் கிராங்கைக் கட்டிப் பிடித்திருக்கும். அந்தப் பிடியை மூடி வைத்திருப்பவை இரண்டே போல்ட்டுகள். மேலே போன பிஸ்டனைச் சட்டென்று கீழே இழுக்கும் கணத்தில் முழு உதறலையும் தாங்குவது அவைதான். என்ஜினில் வேறு எது போனாலும் கார் நிற்கும். இது போனால் அப்படி நிற்காது.

"பழைய போல்ட்டே போதுமே, இவ்வளவு நாள் ஓடலயா?" என்றார் முதலாளி.

"ஓடிச்சு சார், அந்த வேகத்துக்கு. நீங்க இப்ப கேக்கறது வேற வேகம். இதுக்கு வேற போல்ட் வேணும்."

"உனக்கு போல்ட்டுன்னா நகைக்கடைக்குப் போற மாதிரி."

"போட்டுக்கப் போறது என் தம்பி சார்."

முதலாளி ஒத்துக்கொண்டார். ஆக, அந்த போல்ட்டைத் தேர்ந்தெடுத்தது சித்திதான். வெளிநாட்டிலிருந்து வர வாரக்கணக்கில் ஆனது. நாலு ராடுக்குத் தேவையான எட்டுக்கு எட்டுதான் வந்தது, உபரி இல்லை. ஒவ்வொன்றும் தனித்தனி உறையில், கண்ணாடிபோல வழவழவென்று இருந்தது. கூடவே சின்னப் பொட்டலத்தில் சாம்பல் நிற கிரீஸ். மரையில் சாதா என்ஜின் ஆயில் தடவினால் ஓர் எண், இந்த கிரீஸ் தடவினால் அதைவிடக் குறைவான எண் என்று தாளில் போட்டிருந்தது. சித்தி கிரீஸைத் தேர்ந்தாள், குறைவான எண்ணையே ரெஞ்சில் வைத்தாள். அதில் அவள் தவறவில்லை. லேத்துக்காரர் அந்த போல்ட்டுகளையே போட்டு இறுக்கி, ராடின் துளையை வட்டம் பிசகாமல் கடைந்து கொடுத்தார். சித்தி ஒரு மரக்கட்டையில் எட்டுத் துளை போட்டு, போல்ட்டுகளை வரிசையாக நிற்கவைத்து, ஒவ்வொன்றின் நீளத்தையும் அளந்து துளைக்குக் கீழே பென்சிலால் எழுதிவைத்தாள்.

போல்ட் என்பது உண்மையில் ஒரு ஸ்பிரிங். இறுக்கும்போது அது மயிரிழை அளவு நீள்கிறது. திரும்பிச் சுருங்கத் துடிக்கும் அந்தத் துடிப்புதான் பிடித்து வைக்கிறது. அளவோடு நீட்டினால் என்றைக்கும் சுருங்கத் துடிக்கும். அளவு தாண்டி இழுத்துவிட்டால், தொய்ந்த எலாஸ்டிக் மாதிரி, சும்மா உள்ளே இருக்கும். அதனால் இறுக்கிய பிறகு எவ்வளவு நீண்டிருக்கிறது என்று பார்க்க டயல் வைத்த ஒரு கருவி இருக்கிறது. ராடுகளைக் கோக்க வேண்டிய அன்று அது லேத்துக்காரரிடம் போயிருந்தது. "நாளைக்குத் தரேன் தங்கச்சி" என்றிருந்தார். முதலாளி காத்திருக்க விரும்பவில்லை. "நம்பர் இருக்கு, டிக் இருக்கு, உன் கை இருக்கு. அப்புறம் என்ன?"

மத்தியானம் சித்தி ராடுகளைக் கோத்தாள். தம்பி டீக் கோப்பையோடு கண்ணாடிக் கதவில் சாய்ந்து நின்று வம்பிழுத்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு போல்ட்டாக இறங்கியது. டிக், பிறகு ஆசீர்வாதம், பிறகு முடிந்ததற்கு அடையாளமாகப் பச்சைப் பெயிண்டில் ஒரு பொட்டு.

அவற்றில் ஒன்றில் அது நடந்தது. எது என்று அவளால் பிறகு சொல்ல முடியவில்லை. டிக் கேட்டு, பழக்கத்தில் இழுத்தபோது, ரெஞ்ச் எளிதாக வந்தது. இறுக இறுக போல்ட் கையை எதிர்த்துத் தள்ள வேண்டும். இது தள்ளவில்லை. மெழுகில் விரலை அழுத்தியது போல இருந்தது. அதே நேரம் தம்பி, "சின்னக்கா, பாத்து. பிழிஞ்சு ஜூஸ் எடுத்துடாத" என்றான். அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பொட்டு வைத்து அடுத்ததற்குப் போனாள்.

என்ஜின் காரில் ஏறியது. முதல் தடவை கிளப்பியபோது பட்டறையின் தகரக் கூரை அதிர்ந்தது. முதலாளி என்னவோ சொன்னார், முதல் தடவையாக அவர் குரல் யாருக்கும் கேட்கவில்லை. தம்பி பட்டறைக்குப் பின்னால் இருந்த காலி ரோட்டில் மெதுவாக ஓட்டிப் பழக்கிவிட்டு வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றும்போது கண் ஈரமாக இருந்தது. "தூசி" என்றான். சித்தியின் இரண்டு கையையும் பிடித்து, முகத்தில் கிரீஸ் படுவதைப் பற்றிக் கவலைப்படாமல், கன்னத்தில் வைத்துக்கொண்டான்.

அன்றைக்குத்தான் அது அவளுக்கு நினைவுக்கு வந்தது. அந்த மெத்தென்ற இழுப்பு. இருந்ததா, இல்லையா? மனப்பிரமையா? மறுநாள் அவள் பழைய போல்ட் ஒன்றை வைஸில் கவ்வவைத்து, மரையில் மிச்சமிருந்த சாம்பல் கிரீஸைத் தடவி, நட்டைப் போட்டு இறுக்கினாள். இறுகியது, எதிர்த்தது, இன்னும் இறுகியது. பிறகு ஓர் இடத்தில் எதிர்ப்பு நின்றது. கை தன்பாட்டுக்கு நகர்ந்தது. அதே மெழுகு. ரெஞ்சைக் கீழே வைத்துவிட்டு, ஒரு டின் மேல் உட்கார்ந்தாள். பிறகு, இது பழைய போல்ட்தானே, அது புதியதாயிற்றே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சமாதானம் வாசல் வரைகூட வரவில்லை.

லேத்துக்காரர் இரும்புச் சுருள்களுக்கு நடுவே செருப்போடு நின்று வேலை செய்கிறவர். அவள் சொன்னதை மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ஆசீர்வாதம் பண்ணியா?"

"எப்பவும் பண்றதுதானே அண்ணே."

"எப்பவும் ஆயில்ல பண்ணே. ஆயில்னா உன் பலத்துல பாதிக்கு மேல உராய்வே தின்னுடும். உன் ஆசீர்வாதத்தையும் அதுதான் தின்னுச்சு. இந்த கிரீஸ் எதையும் திங்காது. நீ கொடுத்தது முழுசா போல்ட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்."

"அப்ப போல்ட் கெட்டுப்போயிருக்குமா?"

"அளக்காம நான் என்ன ஜோசியமா சொல்ல முடியும்?"

"கெட்டுப்போயிருந்தா, பழைய போல்ட்டைப் போட்டு ஒரு ரேஸ் ஓட்டலாமா?"

அவர் தலையை ஆட்டினார். "துளையை இந்த போல்ட்டு இறுக்கத்துக்குக் கடைஞ்சிருக்கேன். வேற போல்ட் வேற மாதிரி இறுக்கும், வட்டம் கோணிடும். அதே போல்ட்தான் வரணும். வர்றதுக்குள்ள ரேஸ் முடிஞ்சிடும், தங்கச்சி." பிறகு, வாங்கிப் போன டயல் கருவியை அலமாரியிலிருந்து எடுத்து நீட்டினார். அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை, அவள் முகத்தை அவரும் பார்க்கவில்லை.

மாலையில் தம்பி மொட்டை மாடியில் உடையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தான். சித்தி மேலே போனாள்.

"டேய், ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"ஒரு போல்ட்ல எனக்குச் சந்தேகமா இருக்கு."

"எதுல?"

"எதுன்னு தெரியல. இறுக்கும்போது மெத்துன்னு போச்சு."

"மெத்துன்னா? அது என்ன, தலகாணியா?" என்று சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

"பிரிச்சுப் பாக்கணும்டா. அடியில ஆயில் தேங்கற சம்ப்பைக் கழட்டினா கீழேருந்தே எல்லாத்தையும் தொடலாம். நல்லா இருந்தா அப்படியே மாட்டிடலாம்."

"நல்லா இல்லேன்னா?"

அவள் கொடியில் தொங்கிய உடையின் மடிப்பை நீவினாள்.

"நீ சொல்ல மாட்டே. நான் சொல்றேன். நல்லா இல்லேன்னா அந்தப் பையன் என் சீட்டுல உக்காந்திருப்பான். நான் திரும்பக் கிடங்குல போய், வேலை குடுங்க சார்னு நிப்பேன்." துணிக் கிளிப்பைக் கையில் வைத்துத் திறந்து மூடிக்கொண்டே இருந்தான். "சின்னக்கா, உன் கையை நான் ஒரு நாளாவது சந்தேகப்பட்டிருக்கேனா?"

"இல்ல."

"அப்புறம் நீ ஏன் படறே?"

"நீ படலேன்றதுதான்டா எனக்குப் பயமா இருக்கு."

"ஓட்டப் போறது நான். எனக்குப் பயம் இல்ல. சைலன்சர்கிட்ட போய் எதையும் சொல்லிவைக்காத. எனக்காக."

கீழே அம்மாவும் அதையேதான் சொன்னாள். "ஓட்டறவனே சரிங்கறான். உனக்கு எதுக்கு இந்தப் பாடு?" ஆனால் பரிமாறி முடித்துத் தன் தட்டின் முன்னால் உட்கார்ந்ததும் கேட்டாள். "அது உடைஞ்சா என்னடி ஆகும்?"

"ராடு என்ஜினோட பக்கத்தைக் கிழிச்சிட்டு வெளியே வரும். கொதிக்கற ஆயில் அவனோட பின்சக்கரத்துக்கு அடியிலேயே ஊத்தும். அதுக்கப்புறம் ஸ்டீரிங் அவன் கையில இருக்கும் அக்கா. கார் இருக்காது."

அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். வாயில் வைக்கவில்லை. எழுந்து போய்ப் பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள், தேய்த்த பாத்திரத்தையே மறுபடியும்.

மறுநாள் சித்தி முதலாளியிடம் சொன்னாள். தம்பி வேண்டாம் என்றதையும் மீறிச் சொன்னாள். அவர் சத்தம் போடாமல் தாழ்ந்த குரலில் பேசினார், அதுவே அவளுக்கு மோசமாக இருந்தது.

"ரேஸ் முடியட்டும். முடிஞ்சதும் பிரிச்சுப் பாத்துக்கலாம்."

"முடிஞ்சதும் பிரிக்கறதுக்கு என்ன சார் இருக்கும்?"

"இத்தனை என்ஜின் கட்டியிருக்கே. எதுலயாவது இப்படி வந்து நின்னியா? தம்பி ஓட்டறான்னதும் கை நடுங்குது, அவ்வளவுதான். வீட்டு ஆளுக்கு என்ஜின் கட்ட விட்டது என் தப்பு." பிறகு அவர் வழக்கமான குரலுக்குத் திரும்பி, காரை ஏற்ற லாரி வருவதைப் பற்றிப் பட்டறை முழுவதும் கேட்கும்படி பேசிக்கொண்டே போனார்.

லாரி வரும் நாள் காலையில் சித்தி எல்லாருக்கும் முன்னால் கிளம்பினாள். கேட்டைத் திறந்துவிட அம்மா வந்தாள். போகாதே என்று சொல்வாள் என நினைத்து சித்தி ஒரு கணம் நின்றாள். அம்மா, "சாப்பிட்டுப் போயிருக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, கேட்டை அகலமாகத் திறந்துவிட்டாள்.

பட்டறைச் சாவி அவளிடமும் ஒன்று இருந்தது. ஷட்டரைத் தூக்கினாள். கார் குழிக்கு மேலேயே நின்றது. குழிக்குள் இறங்கி, வாளியை வைத்து, சம்ப்பின் அடி போல்ட்டைக் கழற்றினாள். புது ஆயில், தேன் நிறத்தில், சத்தமில்லாமல் இறங்கியது. கடைசிச் சொட்டு வரை பார்த்துக்கொண்டு நின்றாள். ஆயில் இல்லாத என்ஜினைக் கிளப்பி, காரை லாரியில் ஏற்ற யாராலும் முடியாது.

முதலாளி வந்தபோது சம்ப்பும் கீழே இறங்கியிருந்தது.

"என்ன பண்றே?"

"ஆயிலை இறக்கிட்டேன் சார்."

"யாரைக் கேட்டு?"

"யாரையும் கேக்கல."

அவர் கத்தினார். எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினார். அவள் குழிக்குள்ளேயே நின்று கேட்டாள். கத்தி முடித்ததும், "கட்டையை எடுத்துக் குடுங்க சார், நீளம் எழுதினது" என்றாள். என்ன நினைத்தாரோ, எடுத்துக் கொடுத்தார். தம்பி அப்போதுதான் பயணப் பையோடு உள்ளே வந்தான். வாளியில் ஆயிலைப் பார்த்தான். ஒரு டயர் மேல் உட்கார்ந்தான்.

கிராங்கைச் சுழற்றிச் சுழற்றி, ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி மேலே நீட்டினாள். அவள் அளந்ததை முதலாளி நம்பவில்லை, மைக்ரோமீட்டரைப் பிடுங்கித் தானே அளந்தார். முதலாவது, பென்சிலில் எழுதிய அளவேதான். அடுத்ததும். அதற்கடுத்ததும். "பாத்தியா" என்றான் தம்பி. அவன் குரலில் கோபத்தைவிட ஆசைதான் அதிகம் இருந்தது. சித்திக்கும் ஒரு கணம் அதே ஆசை வந்தது. நான் பைத்தியக்காரியாகவே இருந்துவிட்டுப் போகிறேன், எல்லாம் சரியாக இருக்கட்டும் என்று இருந்தது.

பிறகு ஒன்றை அளந்த முதலாளி, கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தார். கட்டையைப் பார்த்தார். அதைத் தனியாக வைத்தார். கழற்றிய பிறகும் பழைய நீளத்துக்குத் திரும்பாத போல்ட். தொய்ந்துபோனது.

சித்தி நிம்மதி அடைந்திருக்கலாம். அவள் கை சொன்னது உண்மைதான் என்று ஆகிவிட்டது. ஆனால் கடைசிப் போல்ட்டையும் அவர் தனியாக வைத்தார். அதுவும் நீண்டிருந்தது.

அந்தக் கடைசிப் போல்ட்டை அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அதை இறுக்கும்போது தம்பி போன் பேச வெளியே போயிருந்தான். அறையில் அவள் மட்டும்தான். டிக்குக்குப் பிறகு இழுத்தபோது கல் மாதிரி நின்றது. இதுதான் இருப்பதிலேயே நல்ல பிடி என்று நினைத்துப் பொட்டு வைத்திருந்தாள். அவள் கை ஒன்றைச் சொன்னது, இன்னொன்றைச் சொல்லவே இல்லை. குழிக்குள் நின்றபடியே அவள் தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். இதுவரை கட்டிய என்ஜின்கள் எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

முதலில் எழுந்தது தம்பிதான்.

"ஓடியிருக்கும் சின்னக்கா. ஒரு ரேஸுக்குத் தாங்கியிருக்கும்."

"தாங்கியிருக்கலாம்" என்றாள் அவள். வேறு எதைச் சொன்னாலும் அது பொய்.

"தாங்கியிருக்கும்" என்று மறுபடி சொல்லிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தான். ஷட்டருக்கு வெளியே லாரி வந்து நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

முதல் பந்தயத்தின் தொடக்கக் கோட்டில் அந்தக் கார் போய் நிற்கவில்லை. புது போல்ட்டுகள் வந்தபோது சீட்டில் அந்த இன்னொரு பையன் உட்கார்ந்தான். என்ஜினைச் சித்தியேதான் மறுபடி கட்டினாள். டயல் கருவியை வைத்து நீளம் பார்த்து, டிக்கோடு கையை எடுத்து. தொடர் முழுவதும் அது ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை. அதுவே தம்பிக்குப் பெரிய சாட்சியாகிவிட்டது. "பாத்தீங்களா, நல்லாத்தானே ஓடுது" என்று அம்மாவிடம் சொன்னான். போல்ட் மாறிவிட்டது என்பதை அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதலாளி சித்தியை வேலையிலிருந்து எடுக்கவில்லை, பாராட்டவும் இல்லை. பட்டறையில் கொஞ்ச நாள் யாரும் ஆசீர்வாதம் பண்ணவில்லை. பிறகு ஒருவர் பண்ணினார். பிறகு எல்லாரும்.

போல்ட் உடைந்திருந்தால், "அவள் அன்றே சொன்னாளே" என்று ஊரே அழுதிருக்கும். உடையவில்லை. நடக்காத ஒன்றை எடுத்துக் காட்டி, இதோ பார் என்று சொல்ல அவளிடம் எதுவும் இல்லை. தொய்ந்த இரண்டு போல்ட்டுகளையும் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் அவன் முன்னால் வைத்தாள். அவன் பார்க்காமலே தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான்.

இப்போது அவன் சரக்கு வேன் ஓட்டுகிறான், கடை கடையாகப் பெட்டி இறக்கும் வேலை. சித்தி வீட்டில் இருந்தால் மேலேயே சாப்பிடுகிறான். சின்னக்கா என்று கூப்பிடுவது நின்றுபோயிற்று. அம்மாவிடம், "அவங்க சாப்பிட்டாங்களா?" என்று கேட்கிறான். அவன் திட்டியிருந்தால், ஒருமையில் நாலு வார்த்தை சொல்லியிருந்தால், சித்தி தாங்கியிருப்பாள். அந்த மரியாதையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஆனாலும் காலையில் வேன் கிளம்பும் சத்தம் கேட்டால், எந்த வேலையில் இருந்தாலும் ஜன்னலுக்கு வந்து, தெரு முனை திரும்பும் வரை பார்க்கிறாள். அவன் நிமிர்ந்து பார்ப்பதில்லை. திரும்பிப் பார்க்காவிட்டாலும் உயிரோடு போகிறான் என்ற ஆறுதலோடு அவள் தன் வேலைக்குக் கிளம்புகிறாள்.

இனி என் வேண்டுகோள். ஸ்பானர் பிடிக்கிறவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் இந்தக் கதையை அவரிடம் சொல்லுங்கள். வண்டி ஓட்டுகிறவர்களிடம் அதைவிட அவசியமாகச் சொல்லுங்கள். என் மாமா, சித்தியின் அந்தத் தம்பி, ஒரு நாளில் எத்தனையோ கடை வாசலில் வேனை நிறுத்திவிட்டு, பெட்டி இறங்கும் வரை சும்மா நிற்கிறார். பக்கத்தில் நிற்கிறவர் யாராவது பேச்சுவாக்கில் இதை அவரிடம் சொல்லக்கூடும். நாங்கள் சொன்னால் எழுந்து போய்விடுகிறார். வெளியாள் சொன்னால் நின்று கேட்கிற சுபாவம் அவருக்கு. அந்த வெளியாள் வரை இது போய்ச் சேரட்டும். உங்களுக்குத் தெரிந்தவருக்குச் சொல்லுங்கள், அவரையும் இன்னொருவருக்குச் சொல்லச் சொல்லுங்கள்.